பத்து வருடம் தாங்குமா? குருத்தெலும்பு அறுவை சிகிச்சையின் செலவும் பலனும்

முழங்கால் குருத்தெலும்பில் விழுந்த பள்ளத்தைச் சரிசெய்ய இன்றைக்கு நான்கைந்து அறுவை முறைகள் இருக்கின்றன. மிக மலிவானதற்கும் மிக விலை கூடியதற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். இதில் எது போட்ட பணத்துக்கு ஏற்ற பலன் தரும் என்று தேடினால் ஒரு கட்டுரை ஒன்றைச் சொல்லும், அடுத்தது வேறொன்றைச் சொல்லும். பதில்கள் ஏன் இப்படி மாறுகின்றன என்பதை என்னால் முடிந்தவரை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவச் செலவு-பலன் மதிப்பீடுகளைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஆனால் இந்த விஷயத்துக்குள் நான் முழுதாக இறங்கியது அக்காவுக்காக. படியில் கால் மடங்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு முழங்கால் வலி. எம்ஆர்ஐ எடுத்தபோது, தொடை எலும்பின் உட்பக்க முனையில், உடல் எடை நேராக வந்து இறங்கும் இடத்தில், சுமார் 3 சதுர செ.மீ. அளவுக்குக் குருத்தெலும்பு அடி எலும்பு வரை பெயர்ந்திருந்தது. இன்னும் நாற்பது ஆகவில்லை அவளுக்கு. நாள் முழுக்க நின்றபடி பாடம் நடத்தும் வேலை. இரண்டு மருத்துவர்களைப் பார்த்தாள், இரண்டு பேரும் வேறு வேறு அறுவையைச் சொன்னார்கள். "நீதானே இந்தக் கணக்கெல்லாம் பார்க்கிறவன், எதுக்குப் பணம் போடலாம்னு நீயே சொல்லுடா" என்றாள்.

அவளுக்குச் சொல்வதற்காகப் படித்ததெல்லாம்தான் கீழே வருவது.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் தண்ணீர். மீதி பெரும்பாலும் இரண்டாம் வகை கொலாஜன் இழைகளும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன்களும். உயிரணுக்கள் கன அளவில் சில சதவீதம்தான். தோலில் வெட்டுப்பட்டால் இரத்தம் வந்து உறைந்து ஆறத் தொடங்குகிறதே, அந்த முதல் படியே இங்கே நடப்பதில்லை. வில்லியம் ஹன்டர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையிலேயே, குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அறுவை முறையும் அந்த வாக்கியத்தோடு நடத்தும் வழக்குதான்.

நரம்பு இல்லாத இடம் என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படத்தில் தெரியும் பள்ளம்தான் வலிக்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 31,516 முழங்கால் ஆர்த்ரோஸ்கோபிகளின் (சிறு துளை வழியாகக் கேமராக் குழாயை மூட்டுக்குள் விட்டுப் பார்ப்பது) பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் 63 சதவீதத்தில் ஏதோ ஒரு வகைக் குருத்தெலும்புச் சிதைவு இருந்தது. வேறு காரணத்துக்காகத் திறந்து பார்க்கப்பட்ட முழங்கால்களும் அதில் அடக்கம். ஆகவே செலவுக் கணக்கில் முதல் வரி, இந்தப் பள்ளம்தான் வலிக்கிறதா என்பது. அது தவறினால் எவ்வளவு மலிவான அறுவையும் வீண் செலவு.

இனி முறைகள். மலிவானது மைக்ரோஃப்ராக்சர். 1980-களில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் வளர்த்தெடுத்தது. பள்ளத்தின் அடியில் தெரியும் எலும்பில் 3, 4 மி.மீ. இடைவெளியில் கூரான கருவியால் துளைகள் போடுவார்கள். எலும்பு மச்சையிலிருந்து இரத்தமும் ஸ்டெம் செல்களும் கசிந்து வந்து, உறைந்து, மெல்ல மெல்ல ஒரு திசுவாக மாறும். ஆர்த்ரோஸ்கோபி வழியாகவே, ஒரே தடவையில் முடிந்துவிடும். விலை கூடிய பொருள் எதுவும் தேவையில்லை. குறை என்னவென்றால், அங்கே வளர்வது முதல் வகை கொலாஜன் மிகுந்த நார்க் குருத்தெலும்பு. அசல் குருத்தெலும்பின் வழுவழுப்பும் அழுத்தம் தாங்கும் தன்மையும் அதற்கு இல்லை. ஓட்டை விழுந்த சாலையில் போட்ட ஒட்டு மாதிரி, முதலில் சமமாகத் தெரியும், பிறகு ஓரங்களில் உதிரத் தொடங்கும்.

அடுத்தது மொசைக்பிளாஸ்டி. ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி 1992-இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். அதே முழங்காலில் எடை அதிகம் இறங்காத ஓரத்திலிருந்து, அடி எலும்போடு சேர்த்துச் சிறுசிறு உருளைகளாகக் குருத்தெலும்பை எடுத்துப் பள்ளத்தில் வரிசையாக நட்டுவிடுவார்கள். அசல் குருத்தெலும்பே போய்ச் சேர்கிறது என்பது பெரிய லாபம். எடுத்த இடத்திலும் புண்ணாகும் என்பதால் பெரிய பள்ளங்களுக்கு ஒத்துவராது. இறந்தவரின் முழங்காலிலிருந்து எடுத்த திசுவை வைப்பது இன்னொரு வழி. உயிரணுக்கள் சாகுமுன் சில வாரங்களுக்குள் அதைப் பொருத்தியாக வேண்டும். திசு வங்கி இல்லாத இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மிக விலை கூடியது நோயாளியின் சொந்த உயிரணுக்களை வளர்த்து வைப்பது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் குழுவினர் 1987-இல் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். 1994-இல் 23 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இதற்கு இரண்டு அறுவைகள். முதலாவதில் நகக்கண் அளவு குருத்தெலும்பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சில வாரங்கள் உயிரணுக்களைப் பெருக்குவார்கள். இரண்டாவதில் அவற்றைப் பள்ளத்தில் வைப்பார்கள். ஆரம்பத்தில், எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய எலும்புறைத் தோலைப் பள்ளத்தின்மேல் தைத்து மூடி, உயிரணுக்களை உள்ளே செலுத்தினார்கள். இப்போது கொலாஜன் சவ்வின் மேலேயே உயிரணுக்களை ஏற்றி, அந்தச் சவ்வைப் பள்ளத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டுகிறார்கள். மாசி என்ற பெயரில் வரும் இந்த வகைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. செலவு பெரும்பாலும் ஆய்வகத்தில்தான். உயிருள்ள பொருளை, ஒரே ஒரு நோயாளிக்காக, மருந்துத் தயாரிப்புக்கு உரிய தூய்மை விதிகளோடு வளர்ப்பது மலிவாக முடிகிற காரியமல்ல.

சரி, விலைக்கேற்ற பலன் கிடைக்கிறதா? நார்வேயில் 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மைக்ரோஃப்ராக்சர், மீதிப் பேருக்கு உயிரணு சிகிச்சை செய்தார்கள். இரண்டாம் ஆண்டில் உயிரணு சிகிச்சை மேலானது என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் இரு பக்கமும் 23 சதவீதம் தோல்வி. 2016-இல் வெளியான பதினைந்தாம் ஆண்டு முடிவில், உயிரணு பக்கம் 40-இல் 17 பேருக்கும் மைக்ரோஃப்ராக்சர் பக்கம் 40-இல் 13 பேருக்கும் சிகிச்சை தோற்றிருந்தது. புள்ளியியல்படி இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. இதை மட்டும் படிப்பவர், மலிவானதைச் செய்துவிட்டுப் போகலாமே என்பார். நானும் அக்காவிடம் அன்றிரவே அதைத்தான் சொல்லியிருப்பேன், அடுத்த ஆய்வைப் படிக்காமல் இருந்திருந்தால்.

144 நோயாளிகளோடு ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. இதில் 3 சதுர செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள பள்ளங்களை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், சவ்வில் ஏற்றிய புதிய வகை உயிரணு சிகிச்சையைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் ஆண்டில் வலியிலும் செயல்பாட்டிலும் மைக்ரோஃப்ராக்சரைவிட அது மேலாக இருந்தது, ஐந்தாம் ஆண்டிலும் அப்படியே. நார்வே ஆய்வில் செய்தது எலும்புறைத் தோல் தைத்த பழைய முறை. ஆக, இரண்டு ஆய்வுகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. பள்ளத்தின் அளவும் வேறு, சிகிச்சையின் தலைமுறையும் வேறு.

மொசைக்பிளாஸ்டியிலும் இதே கதை. லித்துவேனியாவில் இளம் விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வில் பத்தாண்டு முடிவில் அது 14 சதவீதம் தோற்றது, மைக்ரோஃப்ராக்சர் 38 சதவீதம். இங்கிலாந்தில் 100 பேரிடம் நடந்த ஆய்விலோ, பத்தாண்டில் மொசைக்பிளாஸ்டி 55 சதவீதம் தோற்றது, உயிரணு சிகிச்சை 17 சதவீதம். ஒரே அறுவை ஓரிடத்தில் வெல்கிறது, ஓரிடத்தில் மண்ணைக் கவ்வுகிறது. இங்கிலாந்து ஆய்வில் பள்ளங்கள் சராசரியாக 4 சதுர செ.மீ.க்கும் மேல். அந்த அளவு மொசைக்பிளாஸ்டிக்கு உகந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்குதான் இருக்கிறது.

செலவு-பலன் ஆய்வாளர்கள் பலனைத் தரமான வாழ்நாள் ஆண்டு என்ற அலகில் அளப்பார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டு 1. முழங்கால் வலியோடு, படி ஏற முடியாமல், தூக்கம் கெட்டு வாழும் ஓராண்டு, உதாரணத்துக்கு, 0.7. விலை கூடிய சிகிச்சைக்கு ஆகும் கூடுதல் செலவை, அது தரும் கூடுதல் ஆண்டுகளால் வகுத்தால், ஓர் ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். விலை கூடிய அறுவைக்கு மலிவானதைவிட 20,000 பவுண்டு அதிகம் ஆகிறது. மலிவான அறுவைக்குப் பின் வாழ்க்கைத் தரம் 0.7, மற்றதற்குப் பின் 0.8. வித்தியாசம் ஆண்டுக்கு 0.1. இந்த வித்தியாசம் இரண்டு ஆண்டு மட்டும் நீடித்தால் மொத்தப் பலன் 0.2. இருபதாயிரத்தை அதனால் வகுத்தால் ஒரு தரமான ஆண்டின் விலை 1,00,000 பவுண்டு. பத்து ஆண்டு நீடித்தால் பலன் 1, விலை 20,000 பவுண்டு. அறுவை அதேதான், நோயாளி அதே, செலவும் அதே. எத்தனை ஆண்டு தாங்கும் என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் விடை ஐந்து மடங்கு புரண்டுவிட்டது. (எதிர்காலப் பலனுக்குக் கொஞ்சம் கழிவு போடுவார்கள், இங்கிலாந்தில் ஆண்டுக்கு 3.5 சதவீதம். எளிமைக்காக அதை விட்டிருக்கிறேன்.)

பெரும்பாலான குலுக்கல் ஆய்வுகள் நோயாளிகளைப் பின்தொடர்வது இரண்டு ஆண்டு, மிஞ்சினால் ஐந்து. பொருளாதார மாதிரியோ நோயாளியின் ஆயுள் முழுக்க ஓடும். இடையில் உள்ள முப்பது நாற்பது ஆண்டுகளை ஆய்வாளர் அனுமானத்தால் நிரப்புகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கும் வேறு வழி இல்லை. ஆனால் அட்டவணையில் விடை பவுண்டு சுத்தமாக அச்சாகி வரும்போது, அதன் அடியில் இருப்பது ஓர் ஊகம் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கவலை உண்டு. இந்த எண்களை வைத்துத்தான் யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்பது முடிவாகிறது.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அங்கே அரசு மருத்துவத் துறை எந்தச் சிகிச்சைக்குப் பணம் தரலாம் என்று ஆலோசனை சொல்லும் அமைப்பு நைஸ். அவர்கள் அப்போது வைத்திருந்த வரம்பு, ஒரு தரமான ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு. 2005-இல் உயிரணு சிகிச்சையை ஆராய்ச்சிக்கு வெளியே செய்ய வேண்டாம் என்றார்கள். 2017 அக்டோபரில் அதே அமைப்பு, சில நிபந்தனைகளோடு செய்யலாம் என்றது. அந்த முழங்காலில் முன்பு குருத்தெலும்பு சீரமைப்பு அறுவை நடந்திருக்கக் கூடாது. மூட்டுத் தேய்மானம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். பள்ளம் 2 சதுர செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். சிறப்பு மையத்தில் செய்ய வேண்டும். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நீண்டகாலப் பதிவுகள் சேர்ந்திருந்தன.

இதில் மனதை உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. நைஸ் பச்சைக்கொடி காட்டிய நேரத்தில், அது பரிசீலித்த இரண்டு வணிகத் தயாரிப்புகளும் ஐரோப்பியச் சந்தையில் இல்லை. ஒன்றின் தயாரிப்புக் கூடம் 2014-இல் மூடப்பட்டது, மற்றதை நிறுவனமே 2016-இல் விலக்கிக்கொண்டது. இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி ஊரில் ஓர் எலும்பியல் மருத்துவமனை தன் சொந்த ஆய்வகத்தில், வணிக விலையைவிட மிகக் குறைவான செலவில் உயிரணு வளர்த்துவந்தது. பரிந்துரைக்கு நடைமுறையில் உயிர் கொடுத்தது அந்த ஆய்வகம்தான். மருத்துவமனை ஆய்வகங்களில் இதை வளர்ப்பதற்கு எந்த நாட்டு அரசாவது பணம் ஒதுக்கினால் அது வீணாகாது என்று நான் நம்புகிறேன். தயாரிப்புச் செலவு பாதியானால், எத்தனை ஆண்டு தாங்கும் என்ற ஊகம் சற்றுத் தவறினாலும் கணக்கு தாங்கும்.

அந்த நிபந்தனைகளில் முதலாவதைத் திரும்பப் பாருங்கள். முன்பு சீரமைப்பு அறுவை நடந்திருக்கக் கூடாது. ஏனென்றால் மைக்ரோஃப்ராக்சர் போன்றவை அடி எலும்பின் அமைப்பையே மாற்றிவிடுகின்றன. அங்கே எலும்பு கெட்டியாகலாம், மேல்நோக்கி வளரலாம், நீர்க்கட்டி விழலாம். அதன்மேல் வைக்கும் உயிரணு சிகிச்சை சரியாக நிலைப்பதில்லை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்பு இப்படி எலும்பைத் துளைத்த முழங்கால்களில் உயிரணு சிகிச்சை 26 சதவீதம் தோற்றது. தொடாத முழங்கால்களில் 8 சதவீதம். "முதல்ல மலிவானதைப் பண்ணுவோம், சரிவரலைன்னா அடுத்ததுக்குப் போவோம்" என்று சொல்வது எல்லோருக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அக்காவின் முதல் மருத்துவரும் அதைத்தான் சொன்னார். 1 சதுர செ.மீ. பள்ளத்துக்கு அது சரியான யோசனையும்கூட. 3 சதுர செ.மீ. பள்ளத்துக்கு, முதல் படியின் பில்லில் வராத ஒரு செலவு இரண்டாம் படியில் காத்திருக்கிறது.

பில்லில் வராத செலவுகள் இன்னும் உண்டு. இந்த அறுவை எதற்குப் பின்னும் சுமார் ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல். பல மாதம் பிசியோதெரபி. ஓடியாடி விளையாட ஓராண்டு ஆகலாம். இரண்டு அறுவை என்றால் இரண்டு முறை விடுப்பு. நைஸ் போன்ற அமைப்புகளின் கணக்கில் நோயாளி இழக்கும் சம்பளம் சேராது, பெரும்பாலும் மருத்துவத் துறையின் செலவே சேரும். ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் வேலை இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். இதனாலேயே ஒரே சிகிச்சைக்கு இரண்டு நாட்டு ஆய்வுகள் இரண்டு விடை தரலாம். வீட்டில் குழந்தையைத் தூக்க முடியாத மாதங்களை எந்த நாட்டுக் கணக்கும் ஒழுங்காகச் சேர்த்து நான் பார்த்ததில்லை.

கால் வளைந்திருந்தால் அதை நேராக்காமல், ஜவ்வு அறுந்திருந்தால் அதைக் கட்டாமல் எந்தக் குருத்தெலும்பு அறுவையும் நிற்காது. அந்தச் செலவும் சேரும். மூட்டு முழுக்கத் தேய்ந்த வயதானவர்களுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆர்த்ரோஸ்கோபி வழியாக வெறுமனே கழுவிச் சுத்தம் செய்வது, தோலில் மட்டும் கீறித் தைத்த போலி அறுவையைவிட மேலானதல்ல என்று 180 பேரிடம் நடந்த ஆய்வு 2002-இலேயே காட்டிவிட்டது.

அறுவையே செய்யாமல் இருப்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். பல ஆய்வுகள் ஓர் அறுவையை இன்னோர் அறுவையோடுதான் ஒப்பிடுகின்றன. நார்வேயில் ஆழமான பள்ளம் உள்ளவர்களுக்கு மூன்று மாதம் முறையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, முழங்கால் செயல்பாடு தெளிவாக முன்னேறியது, பலர் அறுவையை ஒத்திப்போட்டார்கள். அறுவைக்குப் போகிறவர்களுக்கும் தொடைத் தசை வலுவாக இருந்தால் மீள்வது எளிது. செலவும் கொஞ்சம்தான். என் கையில் அதிகாரம் இருந்தால், இந்த மூன்று மாதம் முடியாமல் எந்த அறுவைக்கும் தேதி கொடுக்க விடமாட்டேன்.

அக்காவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். செய்தாள். படி இறங்குவது எளிதானது, வீக்கம் வடிந்தது, ஆனால் வகுப்பில் மதியத்துக்குமேல் நிற்க முடியவில்லை. பிறகு இருவரும் மறுபடி மருத்துவர்களிடம் போனோம். விலையைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை. அவர்கள் அறுவை செய்தவர்களில், 2 சதுர செ.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தவர்கள், ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று கேட்டோம்.

ஜெர்மனியில் 2013 முதல் குருத்தெலும்பு அறுவைகளுக்கென்றே தேசியப் பதிவேடு நடத்துகிறார்கள். அறுவைக்குப் பின்னும் நோயாளிகளிடமிருந்து ஆண்டுக்கணக்கில் விவரம் கேட்டு வாங்குகிறார்கள். அத்தகைய பதிவேடு எல்லா இடத்திலும் இருந்தால், நோயாளி தனியாகப் போய் இப்படிக் கேட்க வேண்டியிருக்காது. எங்கள் கேள்விக்கு முதல் மருத்துவர், எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். இரண்டாமவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். பெயர்களை மறைத்த ஒரு பட்டியல். ஒவ்வொருவருக்கும் பள்ளத்தின் அளவு, செய்த அறுவை, ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு மதிப்பெண்கள், மறுஅறுவை நடந்ததா என்ற ஒரு பத்தி. சில வரிகளில் அந்தப் பத்தி சிவப்பில் இருந்தது. அந்தச் சிலருக்கு ஏன் அப்படி ஆனது என்பதையும் அவரே விளக்கினார். முன்பே துளைத்த எலும்பு, சீராக்காமல் விட்ட கால் வளைவு, பாதியில் நின்ற பிசியோதெரபி.

அக்கா அவரிடமே உயிரணு சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தாள். திசு எடுக்கும் முதல் அறுவை கோடை விடுமுறை தொடங்கும் வாரத்தில், வைக்கும் அறுவை விடுமுறை முடிவதற்குள். பள்ளியில் மீதி விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டாள்.